மறைந்திருக்கும் ரத்தம் – ஒரு பரிசோதனையின் கதை

மலருக்குக் கட்டுரை கேட்டு நண்பர் போன் செய்தார். "எதைப் பத்தி எழுதப் போறே?" என்றார். "மலப் பரிசோதனையைப் பத்தி" என்றேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "டேய், இது மலர்டா!" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார்.

சிரிக்கட்டும். கேண்டீன் கடன், விடுதி இட்லி, ஆண்டு விழா நாடகம் பற்றியெல்லாம் மற்ற நண்பர்கள் சுவையாக எழுதியிருப்பார்கள். ஐம்பது வயதைத் தாண்டிவிட்ட என் வகுப்புத் தோழர்களுக்கும், இன்று அதே வேதியியல் ஆய்வகத்தில் பிப்பெட் பிடித்து நிற்கும் தம்பி தங்கைகளுக்கும் நான் சொல்ல வேண்டியது இதுதான். கொஞ்சம் மூக்கைப் பிடித்துக்கொண்டாவது படித்துவிடுங்கள்.

1988. நான் பி.எஸ்ஸி. வேதியியல் இரண்டாம் ஆண்டு. அப்பா ஆரணியில் பட்டு நெசவாளி. குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு விடியற்காலையில் உட்கார்ந்தால், பொழுது சாய்ந்துதான் எழுந்திருப்பார். அவருக்கு அவ்வப்போது மலத்தோடு ரத்தம் போனது. "தறிக்குழியில உக்காந்தே கெடக்கறவனுக்கு மூலம் வராம வேற இன்னா வரும்?" என்றார் பக்கத்துத் தறிக்காரர். துத்திக்கீரை வதக்கிக் கொடுத்தார் அம்மா. கருணைக்கிழங்கு மசியல் வாரம் இரண்டு முறை. சில மாதங்களில் அப்பா இளைத்தார். பாவு பிணைக்கும்போதே மூச்சு வாங்கியது. டாக்டரிடம் போனோம். அவர் எழுதிக்கொடுத்த சீட்டோடு ஒரு பரிசோதனைக் கூடத்துக்குப் போய், ஒரே ஒரு நாள் மாதிரி கொடுத்தோம். "மறைந்த ரத்தம்: இல்லை" என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்று மாலையே அம்மா கோயிலுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தார்.

பதினோரு மாதம் கழித்து அப்பாவுக்கு வயிறு உப்பி, வலி தாங்காமல், வேலூருக்குக் கொண்டுபோனோம். பெருங்குடலில் கட்டி. ஈரலுக்கும் பரவியிருந்தது. அதன்பிறகு அவர் ஒன்றரை வருடம்தான் இருந்தார்.

அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் எழுதியிருந்தது பொய் என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு, அந்த மாதிரியில் ரத்தம் தெரியவில்லை. நாங்கள் அதை "நோய் இல்லை" என்று படித்துக்கொண்டோம். "ரத்தம் தெரியவில்லை" என்பதற்கும் "நோய் இல்லை" என்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை அளக்கத்தான் உலகம் நூற்றைம்பது வருடமாகப் பாடுபட்டு வருகிறது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

மரப்பிசினும் நீல நிறமும்

அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளில் குவாயக் என்றொரு மரம் உண்டு. கல் மாதிரி கனமான மரம். அதன் பிசினை ஒரு காலத்தில் மேகநோய்க்கு மருந்தாக ஐரோப்பாவில் விற்றார்கள். நோய் தீர்ந்ததோ இல்லையோ, பிசினுக்கு இன்னொரு குணம் இருந்தது. ரத்தம் பட்டு, அதன்மேல் ஆக்சிஜன் தரும் பொருள் ஒன்றும் சேர்ந்தால் பிசின் நீலமாகும். ஹாலந்து நாட்டு விஞ்ஞானி வான் டீன் 1860களில் இதை ரத்தத்தைக் கண்டறியும் முறையாக ஆக்கினார்.

காரணம் எளிது. ரத்தத்தின் சிவப்பு நிறத்துக்குக் காரணமான ஹீம் என்ற பகுதி, பெராக்சிடேஸ் என்சைம் போல வேலை செய்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துப் பிசினிடம் ஒப்படைக்கிறது. பிசின் நீலமாகிறது. தம்பிகளே, செய்முறைத் தேர்வில் கேட்டால் இவ்வளவு எழுதினால் போதும்.

பெர்லினில் வயிறு, குடல் நோய்களுக்கென்றே பெயர் பெற்ற டாக்டர் இஸ்மார் போவாஸ், 1901ல் ஒரு முக்கியமான கருத்தைச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தம் மலத்தில் கலந்து போகலாம், அதைத் தேடினால் உள்ளே இருக்கும் நோயை ஊகிக்கலாம் என்றார். "மறைந்த ரத்தக்கசிவு" என்ற சொல்லே அவரால் வழக்குக்கு வந்தது. யூதரான அவர் கடைசிக் காலத்தில் ஜெர்மனியை விட்டு வியன்னாவுக்குப் போனார். 1938ல் நாஜிப் படை அங்கும் வந்தபோது உயிரை மாய்த்துக்கொண்டார். பெரிய கண்டுபிடிப்புக்காரர்களின் முடிவு சில சமயம் நெஞ்சைப் பிசைகிறது.

சாயப்பட்டறையின் சொந்தக்காரன்

இந்தக் கதை நம் ஊர்ப் பக்கம் வரும் இடம் ஒன்று உண்டு. குவாயக் பிசின் ஒவ்வொரு மூட்டையிலும் ஒவ்வொரு மாதிரி இருந்ததால் முடிவும் மாறிக்கொண்டே இருந்தது. 1904ல் ஆட்லர் என்ற குடும்பப் பெயர் கொண்ட இருவர் பென்சிடின் என்ற ரசாயனத்தை அதற்குப் பதிலாக வைத்தார்கள். மிகக் குறைந்த ரத்தத்துக்குக்கூட அது பளிச்சென்று நிறம் காட்டியது. இந்திய ஆய்வகங்களிலும் பல்லாண்டுகள் பென்சிடின்தான் ஆட்சி செய்தது. நாங்கள் படித்த காலத்து ஆய்வகக் கையேடுகளில் "பென்சிடின் டெஸ்ட்" என்று தனித் தலைப்பே இருக்கும்.

பென்சிடின் யார் தெரியுமா? சாயப்பட்டறையின் நெருங்கிய சொந்தக்காரன். 1884ல் வந்த காங்கோ சிவப்பு முதல், எத்தனையோ அசோ சாயங்களுக்குத் தாய்ச்சரக்கு அதுதான். சாயத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருவதை ஃபிராங்ஃபர்ட் அறுவை மருத்துவர் லுட்விக் ரென் 1895லேயே எழுதிவிட்டார். பின்னாளில் பென்சிடின் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது ஐயமின்றி உறுதியானது. ஜப்பானில் கியோட்டோ நகரத்துப் பட்டுச் சாயத் தொழிலாளர்களிடமும் இந்த நோயைக் கண்டார்கள். கிமோனோவுக்கு வண்ணம் தீட்டுகிறவர்கள் தூரிகை முனையை நாக்கில் வைத்துக் கூராக்கும் பழக்கம் ஒரு காரணம் என்றார்கள். ஆரணிக்காரர்கள் இதைப் படிக்கும்போது நம் சாயப்பட்டறைகளில் முழங்கை வரை நிறம் ஏறி நின்ற கைகள் நினைவுக்கு வராமல் போகுமா?

பிரிட்டன் 1967ல் பென்சிடினைத் தடை செய்தது. அந்த அமைன்களை வெளிவிடும் அசோ சாயங்களை 1994ல் ஜெர்மனியும், 1997ல் இந்தியாவும் தடை செய்தன. புற்றுநோயைத் தேட வந்த சோதனையே, சோதிக்கிறவருக்குப் புற்றுநோய் தரக்கூடியதாக இருந்திருக்கிறது. திருடனைப் பிடிக்க வந்த போலீஸே திருடன் என்ற கதைதான்!

அட்டையில் வந்த சோதனை

மீண்டும் குவாயக் பிசினுக்கே திரும்பினார்கள். ஆனால் இந்த முறை மூளையைப் பயன்படுத்தி. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து டாக்டர் டேவிட் கிரீகர், பிசின் ஊறிய காகிதத்தை ஒரு சிறிய அட்டைக்குள் வைத்து நோயாளியிடமே கொடுத்தனுப்பினார். மூன்று நாள் மாமிசம் இல்லாமல், நார்ச்சத்து நிறைந்த உணவு சாப்பிட்டு, மூன்று நாள் மலத்தை அட்டையில் தடவித் திருப்பித் தரவேண்டும். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களிடம்கூட இப்படிக் குடல் புற்றுநோயைக் கண்டறிய முடிந்ததை 1967ல் எழுதினார். ஹீமோகல்ட் என்ற பெயரில் அந்த அட்டை உலகெங்கும் போனது.

ஏன் மூன்று நாள்? கட்டி தினமும் கசிவதில்லை. இன்று கசியும், நாளை நிற்கும். ஒரு நாள் மாதிரி எடுத்துவிட்டு "இல்லை" என்பது, சந்தைக்கு ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு "ஆரணியில் அரிசியே கிடைக்காது" என்பது போல. 2005ல் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் இதை அளந்து பார்த்தார்கள். டாக்டர் விரலால் பரிசோதிக்கும்போது எடுத்த ஒரே மாதிரி, முற்றிய கட்டிகளில் 4.9 சதவீதத்தைத்தான் பிடித்தது. வீட்டில் எடுத்த ஆறு மாதிரிகள் 23.9 சதவீதத்தைப் பிடித்தன. அந்த 4.9 என்ற எண்ணைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சோதனை நோயைக் காட்டுகிறது, சரி. அதனால் உயிர் பிழைக்கிறதா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மின்னசோட்டாவில் 1975ல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. 50 முதல் 80 வயது வரை 46,551 பேர். சீட்டுக் குலுக்குவது போல மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு வருடா வருடம் சோதனை, இன்னொன்றுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, மூன்றாவதற்குச் சோதனை இல்லை. 1993ல் முடிவு வந்தது. பதின்மூன்று வருடத்தில், சோதனை இல்லாத கூட்டத்தில் ஆயிரம் பேருக்கு 8.83 பேர் குடல் புற்றுநோயால் இறந்தார்கள். வருடா வருடம் சோதித்த கூட்டத்தில் 5.88 பேர். மூன்றில் ஒரு பங்கு குறைவு.

கைதட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். அந்த ஆய்வில் பெரும்பாலான அட்டைகளில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சோதித்தார்கள். தண்ணீர் விட்டதும் "உண்டு" என்ற முடிவு 2.4 சதவீதத்திலிருந்து 9.8 ஆக ஏறியது. நோய் அதிகமாகப் பிடிபட்டது, வீண் எச்சரிக்கையும் அதிகமானது. வருடா வருடம் சோதித்த கூட்டத்தில் 38 சதவீதம் பேர் ஒருமுறையாவது கொலனோஸ்கோபி செய்துகொள்ள நேர்ந்தது. "இத்தனை பேருக்குக் குழாய் விட்டால் அட்டை இல்லாமலே பல கட்டிகள் தற்செயலாக அகப்பட்டிருக்குமே!" என்று 1994ல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

1996ல் இங்கிலாந்தின் நாட்டிங்காமிலிருந்தும் டென்மார்க்கின் ஃபியூன் தீவிலிருந்தும் பதில் வந்தது. அங்கே தண்ணீர் விடவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் சோதனை. இறப்பு நாட்டிங்காமில் 15 சதவீதமும் ஃபியூனில் 18 சதவீதமும் குறைந்தது. ஆக, பலன் உண்மை. ஆனால் முதலில் நினைத்ததைவிடக் கம்மி. இந்த நிதானத்துக்குப் பெயர்தான் மதிப்பீடு.

முள்ளங்கியும் கொக்கிப்புழுவும்

குவாயக் அட்டைக்கு ஒரு பெரிய குறை. அதற்கு ஹீம் யாருடையது என்று தெரியாது. ஆட்டு ரத்தப் பொரியல் சாப்பிட்டுவிட்டுச் சோதித்தாலும் நீலம் காட்டும். முள்ளங்கி, காலிஃபிளவர் போன்ற காய்களில் இயற்கையாகவே பெராக்சிடேஸ் உண்டு, அதற்கும் ஏமாறும். வைட்டமின் சி மாத்திரை விழுங்கியிருந்தால் இருக்கும் ரத்தத்தையும் மறைத்துவிடும். நம் பக்கத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. வெறுங்காலோடு வயலில் இறங்கினால் ஏறும் கொக்கிப்புழு, சிறுகுடலில் கடித்துக்கொண்டு ரத்தம் குடிக்கும். அந்தக் கசிவும் சோதனையைக் குழப்பும். அமெரிக்காவில் நிறுத்துப் பார்த்த தராசை ஆரணியில் அப்படியே மாட்ட முடியாது.

அடுத்து வந்தது ஃபிட் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் முறை. மனித ஹீமோகுளோபினின் புரதப் பகுதியை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருளை இதில் பயன்படுத்துகிறார்கள். ஆட்டு ரத்தமும் முள்ளங்கியும் இதை ஏமாற்ற முடியாது. பத்தியமும் வேண்டாம். வயிற்றிலோ சிறுகுடலிலோ கசிந்த ரத்தத்தின் புரதம் வழியிலேயே பெரும்பாலும் செரித்துவிடுவதால், ஃபிட் பெருங்குடலைத்தான் குறிவைக்கிறது. ஜப்பான் 1992லேயே நாடு முழுவதும் 40 வயதானவர்களுக்கு இதைத் தொடங்கியது. சிங்கப்பூர் 2011ல் 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று திட்டம் கொண்டுவந்தது. அங்கே குடியேறிய நம் தமிழர்கள் வீட்டுக் குளியலறையிலேயே மாதிரி எடுத்து அனுப்புகிறார்கள். இங்கிலாந்து 2006ல் குவாயக் அட்டையோடு ஆரம்பித்து 2019ல் ஃபிட்டுக்கு மாறியது. மூன்று நாள் வேலை ஒரு நாளாகக் குறைந்ததும் கலந்துகொள்பவர்கள் கூடினார்கள். ஆம், செய்துகொள்ளாத சோதனை எவ்வளவு நல்லதாக இருந்தும் என்ன பயன்?

ஃபிட்டுக்கும் ஒரு பலவீனம் உண்டு, அது வெயில். சூட்டில் ஹீமோகுளோபின் சிதைந்துவிடும். இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் 2010ல் கணக்குப் பார்த்தபோது, குளிர்காலத்தைவிடக் கோடையில் "உண்டு" என்ற முடிவு 17 சதவீதம் குறைந்திருந்தது. ஃபிளாரன்ஸ் கோடைக்கே இப்படியென்றால், அக்கினி நட்சத்திரத்தில் வேலூர் பக்கம் 42 டிகிரி அடிக்கும்போது பஸ்ஸில் மாதிரி போனால் என்ன ஆகும், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சேலை பார்க்கிறவர் கணக்கு

ஒரு சோதனையை எப்படி மதிப்பிடுவது? பட்டுக் கடையில் சேலையை விரித்துப் பார்க்கிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு இரண்டு திறமை வேண்டும். பழுதுள்ள சேலை ஒன்றையும் தவறவிடக் கூடாது. இது உணர்திறன். நல்ல சேலையைப் பழுது என்று ஒதுக்கி நெசவாளியின் கூலியைக் கெடுக்கவும் கூடாது. இது தனித்தன்மை. ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். மின்னசோட்டாவின் ஒரு சொட்டுத் தண்ணீர் செய்தது அதைத்தான்.

பல ஆய்வுகளைச் சேர்த்து 2014ல் பார்த்தபோது, ஃபிட்டின் உணர்திறன் 79 சதவீதம், தனித்தன்மை 94 சதவீதம் என்று வந்தது. இதை வைத்து ஒரு வீட்டுக்கணக்கு போடுவோம். ஓர் ஊரில் ஐம்பது தாண்டியவர்கள் 10,000 பேர், அவர்களில் 40 பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். சோதனை 32 பேரைப் பிடிக்கும், 8 பேரைத் தவறவிடும். நோய் இல்லாத 598 பேருக்கும் "உண்டு" என்று சொல்லும். மொத்தம் 630 பேருக்குக் கொலனோஸ்கோபி, அதாவது இருபது பேரில் ஒருவருக்கு நோய். வேறோர் ஊரில் 10,000 பேரில் 10 பேருக்குத்தான் நோய் என்று வையுங்கள். அங்கே 8 பேர் பிடிபடுவார்கள், 599 பேர் வீணாகப் பயப்படுவார்கள். எழுபத்தாறு பேரில் ஒருவர்! அதே சோதனை, அதே ரசாயனம். ஊர் மாறினால் பொருள் மாறிவிடுகிறது. அந்த 599 பேரில் சிலருக்குப் பின்னாளில் புற்றாகக்கூடிய பாலிப் அகப்படும், அது லாபம்தான். ஆனால் அத்தனை பேருக்கும் குழாய் விட டாக்டர் எங்கே?

இந்தியாவில் குடல் புற்றுநோய் மேல்நாடுகளைவிடக் குறைவு. அதனால்தான் அரசின் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பை வாய் என்ற மூன்று புற்றுநோய்களை எடுத்துக்கொண்டது, குடலைச் சேர்க்கவில்லை. இதைக் குறை என்று சட்டெனச் சொல்லிவிட முடியாது. மேலே போட்ட கணக்கே அதற்கு நியாயம். ஆனால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1982 முதல் சென்னையில் எழுதிவரும் பதிவேடு, இந்த நோய் மெல்ல ஏறிவருவதைக் காட்டுகிறது. இரண்டாவது ஊர் முதல் ஊராக மாறும் நாளில் கணக்கைத் திரும்பப் போட வேண்டிவரும். அதைப் போடப்போகிறவர்கள் இன்று நம் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளாகவும் இருக்கலாம்.

புதிதாக மரபணுச் சோதனையும் வந்திருக்கிறது. 2014ல் அமெரிக்காவில் ஏறக்குறைய பத்தாயிரம் பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். 65 புற்றுநோய்களில் மரபணுச் சோதனை 60ஐப் பிடித்தது, ஃபிட் 48ஐ. பலே! ஆனால் நோய் இல்லாத நூறு பேரில் ஃபிட் ஐந்து பேரை வீணாகப் பயமுறுத்தியது, மரபணுச் சோதனை பதின்மூன்று பேரை. விலையும் பல மடங்கு. சேலை பார்க்கிறவர் கணக்கு இங்கேயும் மாறவில்லை.

கடைசியாக ஒரு வார்த்தை

இந்தச் சோதனைகள் எல்லாம் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களிடம் நோயைத் தேட வந்தவை. என் அப்பாவுக்கு ரத்தம் கண்ணுக்கே தெரிந்தது. கண்ணால் பார்த்த ரத்தத்தை விட்டுவிட்டு மறைந்த ரத்தத்தைத் தேடினோம். அதுவும் ஒரே நாளில். அதுவும் கசிவு நின்றிருந்த ஒரு நாளில். அன்று எனக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. பென்சிடின் எப்படி நிறம் மாறுகிறது என்று சமன்பாடு எழுதத் தெரியும். அந்தச் சீட்டுக்கு என்ன அர்த்தம் என்று கேட்கத் தெரியவில்லை.

ஆகவே என் வயதுத் தோழர்களே, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, மலங்கழிக்கும் பழக்கம் வாரக்கணக்கில் மாறிக்கிடந்தாலோ, காரணம் தெரியாமல் இளைத்தாலோ, சோகை பிடித்தாலோ, மூலம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். "இல்லை" என்று வந்த ஒரு சீட்டை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிவிடவும் வேண்டாம். "கொலனோஸ்கோபி தேவையா டாக்டர்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். தொந்தரவு எதுவும் இல்லை, ஆனால் குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் வந்திருக்கிறது என்றால், எந்த வயதில் எந்தச் சோதனையைத் தொடங்கலாம் என்று கேளுங்கள். வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது?

தம்பி தங்கைகளே, எந்தப் பரிசோதனை முடிவு கைக்கு வந்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். இது எத்தனை பேரைத் தவறவிடும்? எத்தனை பேரை வீணாகப் பயமுறுத்தும்? நம் கல்லூரி எனக்குச் சமன்பாட்டைக் கற்றுக்கொடுத்தது, அதற்கு நன்றி. இந்த இரண்டு கேள்வியை நான் வீட்டில் கற்றுக்கொண்டேன், விலை கொடுத்து.

போன் செய்த நண்பருக்கு ஒரு செய்தி: போன மாதம் அவர் மறுபடியும் பேசினார். இந்த முறை சிரிக்கவில்லை. "அந்த டெஸ்ட் எங்கே எடுக்கறதுடா?" என்றார். "முதல்ல டாக்டரைப் பாரு" என்றேன். விழாவுக்கு வரும்போது பார்த்துவிட்டேன் என்று சொல்வார் என நம்புகிறேன்.

– பழைய மாணவன், வேதியியல் துறை, 1986–89